‘நிறைவு’ என்று எழுதிய வெள்ளிக்கிழமை

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆடி இரண்டாம் வெள்ளி. ஆரணியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் கணவர் தறியில் உட்கார்ந்திருந்தார். நான் பூஜையை முடித்துவிட்டு, ஈரத் தலையில் சுற்றிய துண்டோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒரு வார்த்தையை அடித்தேன். மூன்றே எழுத்து. சாமி படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நல்ல நாள், நல்ல வார்த்தையாக இருக்கட்டும் என்று நினைத்துத்தான் அடித்தேன். அந்த மூன்று எழுத்தை நினைக்காமல் இன்றுவரை எனக்கு ஒரு நாளும் போனதில்லை.

நான் பிளஸ் டூ வரைதான் படித்தவள். பட்டு நெய்கிற வீட்டில் பிறந்து, பட்டு நெய்கிற வீட்டுக்கே வாழ்க்கைப்பட்டேன். என்னைப் போன்றவளுக்குக் கம்ப்யூட்டரில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் தெருவிலேயே பிறந்து வளர்ந்த ஒரு பெண் சென்னையில் ஒரு கம்பெனியில் இருக்கிறாள். வெளிநாட்டுக்காரர்கள் செய்கிற செல்போன் விளையாட்டுகளை அந்தந்த நாட்டு மொழியில் மாற்றித் தருகிற கம்பெனி. பொங்கலுக்கு ஊருக்கு வந்தவள், நான் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு உள்ளே வந்தாள்.

“அக்கா, எங்க ஆபீஸ்ல எழுதற தமிழ் கோர்ட்டு நோட்டீஸ் மாதிரி கீதுக்கா. நீங்க பேசறத அப்பிடியே எழுதிக் குடுங்க, போதும்” என்றாள்.

இங்கிலீஷ் படித்தால் புரியும், பேசத்தான் வராது. பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்து வைத்து, தமிழ் அடிக்கச் சொல்லிக் கொடுத்தாள். ஒரு பெரிய கட்டம் போட்ட தாள் மாதிரி வரும். இடது பக்கம் இங்கிலீஷ் வரி, வலது பக்கம் காலி இடம். அங்கே தமிழில் எழுத வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘ஸ்ட்ரிங்’. நூல் என்று அர்த்தமாம். நூல் என்றால் எனக்குப் பயமா என்ன என்று ஆரம்பித்துவிட்டேன்.

ஆனால் அந்த வரி விளையாட்டில் எங்கே வரும், பக்கத்தில் என்ன படம் இருக்கும் என்பது எதுவும் நமக்குத் தெரியாது. வெறும் வார்த்தை மட்டும்தான் வரும். முதல் மாதமே ஒரு கூத்து. ‘கில் த பாஸ்’ என்று ஒரு வரி. பாஸ் என்றால் முதலாளி என்றுதான் எனக்குத் தெரியும். ‘முதலாளியைக் கொல்’ என்று எழுதினேன். தண்ணீர் குடிக்க எழுந்து வந்த கணவர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

“இன்னாமே இது, மொதலாளிய கொல்லுன்னு எழுதிகினு கீற? எங்க மொதலாளி கண்ல பட்டுச்சின்னா அடுத்த சேலைக்குப் பாவு நூலு குடுக்க மாட்டாரு” என்றார்.

விளையாட்டில் கடைசியாக வருகிற பெரிய வில்லனைத்தான் பாஸ் என்பார்கள் என்று பிறகுதான் அந்தப் பெண் சொன்னாள். போனில் அவளும் நானும் வெகுநேரம் சிரித்தோம். படம் தெரியாமல் வார்த்தையை மட்டும் பார்த்து எழுதுவது எவ்வளவு பெரிய ஆபத்து என்று அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்.

இன்னொரு வரி வந்தது. விளையாடுகிறவர் தோற்றுப்போனால் திரையில் ‘யூ டைட்’ என்று வரும். நீ செத்துவிட்டாய். விளையாடுவது யார் வீட்டுப் பிள்ளையோ, அதன் முகத்துக்கு நேராக அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை. ‘மறுபடியும் வா’ என்று எழுதி அனுப்பினேன். அது கம்பெனியில் எல்லோருக்கும் பிடித்துப் போனதாம். ‘அமங்கலமே இல்லாம எவ்ளோ அழகா எழுதியிருக்காங்க’ என்று பெரியவர் ஒருவர் சொன்னதாக அந்தப் பெண் சொன்னாள். உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்குத் தலை கொஞ்சம் கனத்துவிட்டது. நம் பேச்சு இவ்வளவு உசத்தியா என்று.

பிறந்த வீட்டிலும் சரி, வந்த வீட்டிலும் சரி, நாங்கள் சில வார்த்தைகளை வாயில் எடுக்க மாட்டோம். அரிசிப் பானையில் அரிசி தீர்ந்துவிட்டால் ‘இல்லை’ என்று சொல்வதில்லை. ‘அரிசி நிறைஞ்சிடுச்சு’ என்போம். கேட்கிறவர்கள் பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போவார்கள். வளையல் உடைந்தால் ‘பெருகிடுச்சு’. விளக்கு அணைந்தால் ‘மலையேறிடுச்சு’. மகாலட்சுமி இருக்கிற வீட்டில் இல்லை, தீர்ந்தது, காலி என்றெல்லாம் சொன்னால் அப்படியே ஆகிவிடும் என்று நம்பிக்கை. எனக்கு இன்றைக்கும் அந்த நம்பிக்கை உண்டு.

அந்த ஆடியில்தான் அந்த வேலை வந்தது. அது பொழுதுபோக்கு விளையாட்டு இல்லை. நுரையீரல் கெட்டுப்போய் வீட்டிலேயே ஆக்சிஜன் சிலிண்டர் வைத்திருக்கிறவர்களின் வீட்டு ஆட்களுக்காக ஒரு வெளிநாட்டுக் கம்பெனி செய்த விளையாட்டு. பல நாடுகளில், பல மொழிகளில் வரப்போகிறது என்றார்கள். அதில் ஒரு மகள், தன் அப்பாவைப் பார்த்துக்கொள்கிறாள். சிலிண்டரை எப்படித் திறப்பது, குழாயை எப்படி மாட்டுவது, எப்போது மாற்றுவது என்று விளையாட்டாகவே சொல்லிக் கொடுக்கும். தமிழில் முதலில் எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் சில குடும்பங்களுக்குக் கொடுத்துப் பார்ப்பதாக இருந்தார்கள். அதனால்தான் எங்கள் பக்கத்துப் பேச்சுத் தெரிந்த ஆள் வேண்டும் என்று என்னிடம் கொடுத்தார்கள். சேவை மாதிரி ஒரு வேலையைச் சாமியே கொடுத்திருக்கிறது என்று குலதெய்வத்துக்கு ஒரு விளக்குப் போட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை மூன்று வார்த்தைகள் அடுத்தடுத்து வந்தன. ஃபுல், ஹாஃப், எம்ப்டி. மூன்றும் சின்ன இடத்தில் வரும், ஆறு எழுத்துக்குள் முடிக்க வேண்டும் என்று குறிப்பு இருந்தது. முதலாவதுக்கு ‘முழுசு’ என்று எழுதினேன். இரண்டாவதுக்கு ‘பாதி’. மூன்றாவதுக்கு ‘காலி’ என்றுதான் முதலில் அடித்தேன். அதற்கு அடுத்த வரியைப் பார்த்தேன். ‘அப்பாவின் சிலிண்டர்’ என்று இருந்தது. இரண்டும் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று வரும் என்று புரிந்தது. அப்பா என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் காலி என்ற வார்த்தை. எங்கள் பக்கம் ஒரு ஆள் ‘காலி’ என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். அதுவும் ஆடி வெள்ளி, விளக்கு எரிகிறது. காலியை அழித்துவிட்டு ‘நிறைவு’ என்று அடித்தேன். அடித்த பிறகு மனதுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

அடுத்த வாரம் அந்தப் பெண்ணிடமிருந்து போன் வந்தது.

“அக்கா, ஒரு டவுட்டு. எம்ப்டிக்கு நிறைவுன்னு போட்டுகிறீங்க. செக் பண்றவரு இது உல்டாவா கீதேன்னு கேக்கறாரு.”

“உல்டா இல்லம்மா. வூட்ல அரிசி தீந்துபோனா உங்கம்மா இன்னா சொல்லும்? கேட்டுப் பாரு.”

“எங்கம்மாவும் நிறைஞ்சிடுச்சின்னுதான் சொல்லும். ஆனா இது கேம் ஆச்சேக்கா.”

“கேமா இருந்தா இன்னா, அதுலயும் அப்பாதானே. அப்பா பக்கத்துல போய் காலின்னு எப்பிடி எழுதறது? எங்க பக்கம் அப்பிடித்தான் சொல்லுவோம்னு அவருகிட்ட சொல்லு” என்றேன்.

அவள் கொஞ்சம் தயங்கினாள். “சரிக்கா. ஊர்ப் பேச்சுதானே கேட்டாங்க. வுட்டுர்றேன்” என்று வைத்துவிட்டாள்.

இதை நான் ஏன் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன் என்றால், தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழி இல்லை. ஒருவர் கேட்டார். சின்னப் பெண் ஒருத்தி தயங்கினாள். நான்தான் வாயை அடைத்தேன். ‘மாற்று’ என்று எழுதியிருக்கலாம். மூன்றே எழுத்து, அமங்கலமும் இல்லை. அது ஏன் அன்றைக்குத் தோன்றவில்லை என்று எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். பாராட்டு வாங்கின பிறகு, நம் வாயிலிருந்து வருவதெல்லாம் சரி என்ற நினைப்பு வந்துவிட்டிருந்தது. வேறு காரணம் எதுவும் இல்லை.

ஐப்பசியில் ஒரு நாள், அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது மறுபடியும் அந்தப் பெண் கூப்பிட்டாள். எப்போதும் சிரித்துக்கொண்டே அக்கா என்று ஆரம்பிப்பவள், அன்றைக்கு ஆரம்பிக்கவே இல்லை. நான்தான் இரண்டு தடவை ஹலோ சொன்னேன்.

“அக்கா, அந்த நிறைவுன்ற வார்த்தை” என்றாள். அப்புறம் அழுதுவிட்டாள்.

அவள் திக்கித் திக்கிச் சொன்னது இதுதான். விளையாட்டைக் கொடுத்துப் பார்த்த குடும்பங்களில் ஒன்று களம்பூரில் இருக்கிறது. அந்த வீட்டில் சிலிண்டர் தீர்ந்துபோனது தெரியாமல் இருந்துவிட்டார்கள். நோயாளி நினைவு தப்பி ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். எப்படித் தெரியாமல் போனது என்று விசாரித்தபோது அந்த வீட்டு அம்மா போனைத் திறந்து அந்த வார்த்தையைக் காட்டியிருக்கிறார். இதைச் சொல்லிவிட்டு, “உங்க மேல மட்டும் யாரும் தப்பு சொல்லலக்கா, சரின்னு வுட்டது நானும்தானே” என்றாள். விளையாட்டை எல்லா வீட்டிலும் நிறுத்திவிட்டார்களாம்.

குழம்பு அடிப்பிடித்து நாற்றம் வந்த பிறகுதான் போனைக் கையில் வைத்துக்கொண்டே நிற்கிறேன் என்று எனக்குத் தெரிந்தது.

கணவரிடம் சொன்னேன். “நீ வேணும்னா செஞ்ச?” என்றார். இல்லை என்றேன். “அப்புறம் இன்னா. பேஜார் புடிச்ச வேலை, வாணாம்னு சொல்லிடு” என்று தறிக்குப் போய்விட்டார். நான் அம்மன் கோவிலுக்குப் போனேன். அந்த மனிதர் பிழைத்து வர வேண்டும், பிழைத்தால் அங்கப்பிரதட்சணம் செய்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். வேண்டும்போதே இன்னொரு எண்ணமும் கூடவே வந்தது. உனக்குப் பிடிக்காத வார்த்தையைச் சொல்லக் கூடாது என்றுதானே தாயே அப்படி எழுதினேன் என்று. சாமி முன்னால் நின்றுகொண்டு சாமி மேலேயே பழி போடுகிறோமே என்று கூசிப்போய் வெளியே வந்துவிட்டேன்.

பத்து நாளில் அவர் பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டதாகத் தகவல் வந்தது. அங்கப்பிரதட்சணம் செய்தேன். ஆனாலும் சோறு இறங்கவில்லை. போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒரு பக்கம், போய் என்ன சொல்வாய் என்று ஒரு பக்கம். ஒரு நாள் காலையில் கணவர் தறியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“போய்ட்டு வந்துடு. நீ துன்னாம கீறத பாத்துகினு என்னால நெய்ய முடில. இழை இழையா அறுந்துகினு கீது” என்றார்.

சாத்துக்குடி ஒரு கிலோ வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். களம்பூர் ஒன்றும் தூரம் இல்லை. இறங்கியதும் நெல் அவிக்கிற வாசனை வந்தது. கம்பெனியில் விலாசம் தரவில்லை, நானும் கேட்கவில்லை. சிலிண்டர் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறவர் வீடு எது என்று டீக்கடையில் கேட்டேன். அங்கே இருந்தவர் நிமிர்ந்து பார்க்காமலே கையைக் காட்டினார்.

ஒற்றை அறை வீடு. உள்ளே கட்டிலில் அவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஐம்பதைத் தாண்டியிருக்க மாட்டார். இருபது வருடத்துக்கு மேல் அரிசி மில்லில் தவிட்டுத் தூசியில் நின்று வேலை செய்தவர். மூக்கில் குழாய், பக்கத்தில் சிலிண்டர், அதன் கழுத்தில் ஒரு சின்னத் தண்ணீர் பாட்டில். அதில் குமிழி குமிழியாக வந்துகொண்டிருந்தது. வலது கை மடியில் தானாக நடுங்கிக்கொண்டே இருந்தது. அவருடைய மனைவி, என் வயதுதான் இருக்கும், ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருக்கிறேன் என்று நினைத்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். ஆரணியிலிருந்து பார்க்க வந்தேன் என்று மட்டும் சொன்னேன். மேற்கொண்டு வாய் வரவில்லை. அவரும் யார், எதற்கு என்று கேட்கவில்லை. நடந்ததைத் தானாகவே சொல்ல ஆரம்பித்தார். எத்தனையோ பேரிடம் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தார் என்று தோன்றியது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் நன்றாகத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார். ஆனால் காட்டியது புது சிலிண்டர், அளவு காட்டுகிற முள் பச்சையில் இருந்தது. தீர்ந்த சிலிண்டரை இந்த அம்மா அதுவரை கண்ணால் பார்த்ததே இல்லை. போனில் விளையாட்டைப் போட்டுப் போட்டுத்தான் மனப்பாடம் செய்திருக்கிறார்.

“பச்சைல முழுசு, மஞ்சள்ல பாதி, சேப்புல நிறைவு. இப்பிடித்தாங்க அதுல போட்டிருந்திச்சி. அன்னிக்கி மதியானம் இவரு மூச்சு முட்டுதுன்னாரு. ஓடிப்போய் முள்ளப் பாத்தேன். சேப்புல நின்னுகினு இருந்திச்சி. நம்மளுக்கு சேப்புன்னா குங்குமங்க. அதுலயும் நிறைவுன்னு போட்டுகிது. அப்ப நிறைய கீது, வியாதிதான் முத்திப்போச்சின்னு, விபூதிய பூசிட்டு விசிறிகினு உக்காந்துகினு இருந்தேன்.”

கையைப் பிசைந்துகொண்டு மூலையைக் காட்டினார். “தோ, அங்க இன்னொரு சிலிண்டரு இருந்திச்சிங்க. புதுசு. மாத்தவும் எனக்குத் தெரியும். நாலு அடி தூரம்.”

பக்கத்து வீட்டு மூட்டை தூக்குகிறவர் ஏதோ கேட்க வந்திருக்கிறார். பாட்டிலில் குமிழி வரவில்லையே என்று அவர்தான் பார்த்துச் சொல்லியிருக்கிறார். அதற்குள் இவருக்கு உதடு நீலமாகிவிட்டது. சிலிண்டரை மாற்றி, அரிசி ஏற்றுகிற வண்டியில் போட்டுக் கொண்டுபோயிருக்கிறார்கள். உயிர் வந்துவிட்டது. ஆனால் கை நடுக்கம் நிற்கவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே வார்த்தை மறந்துவிடுகிறது. கல்யாணமாகிப் போன மகள் வந்து நின்றால் பேர் சொல்லத் தெரியாமல் முகத்தையே பார்க்கிறாராம்.

நான் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். சொல்லிவிட வேண்டும், இப்போது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். அந்த அம்மா பேச்சை நிறுத்திவிட்டு, “இருங்க, டீ போட்டாறேன்” என்று எழுந்தார். அலமாரியில் இருந்த சர்க்கரை டப்பாவைத் திறந்தார். கவிழ்த்துத் தட்டினார். கட்டில் பக்கம் திரும்பி, வெகு இயல்பாகச் சொன்னார்.

“ஏங்க, சக்கர நிறைஞ்சிடுச்சி. ஜல்தியா கடைக்குப் போய்ட்டு வந்துர்றேன்.”

சொன்ன பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது. டப்பா கையிலேயே நின்றுவிட்டது. பாட்டிலில் குமிழி வருகிற சத்தம் மட்டும் கேட்டது.

கட்டிலில் இருந்தவர் மெல்லத் தலையைத் திருப்பினார். ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கிக்கொண்டு பேசினார்.

“காலின்னு சொல்லுமே. நீ சொன்னதால… நானு ஒண்ணும்… காலியாயிட மாட்டேன்.”

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. அந்த அம்மா ஓடிவந்து முதுகைத் தடவிவிட்டார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. எழுந்து நின்றேன்.

“அந்த வார்த்தைய எழுதனது நான்தாங்க” என்றேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. அந்த அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. முதுகைத் தடவிய கை அப்படியே நின்றது. திட்டுவார், வெளியே போ என்பார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும்.

“எந்த ஊருன்னீங்க, ஆரணியா?” என்றார். ஆமாம் என்றேன். “அப்ப உங்களுக்கும் தெரியும். நிறைஞ்சிடுச்சின்னா இன்னான்னு.”

“தெரியுங்க. அதனாலதான் அப்பிடி எழுதனேன். அப்பான்னு போட்ட எடத்துல காலின்னு எழுத மனசு வர்ல.”

அந்த அம்மா டப்பாவையே பார்த்துக்கொண்டு பேசினார். “எனக்கும்தாங்க தெரியும். பொறந்ததுலேர்ந்து சொல்லிகினு கீறேன். ஆனா வாயால சொல்றப்ப மூஞ்சி இருக்குதுங்க. கையில காலி டப்பா இருக்குது. பாத்தா புரிஞ்சிடும். போன்ல மூஞ்சியே இல்லியேங்க. நான் எதப் பாத்துப் புரிஞ்சிக்கறது?”

 

நான் கிளம்பப் பார்த்தேன். “இருங்க” என்றார். கடைக்குப் போகவில்லை. அடுப்பைப் பற்றவைத்து டீ போட்டார். டம்ளரைக் கொண்டுவந்து என் கையில் கொடுக்கும்போது என் முகத்தை நேராகப் பார்த்து, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னார். “சக்கர இல்லீங்க. காலி.”

அந்த டீயை நான் கடைசிச் சொட்டு வரை குடித்தேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சாத்துக்குடியை வாங்கி ஓரமாக வைத்தார். என் போன் நம்பரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, எந்த நேரத்தில் எது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள், அவர் எப்படி இருக்கிறார் என்றாவது சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். தாளைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகினார். வாசல்வரை வந்தார், ஆனால் போய் வாருங்கள் என்று சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். அந்த வார்த்தையை வேறு யாரும் மாற்றக் கூடாது, என் கையால் நான்தான் மாற்றுவேன் என்றேன். அந்தக் கட்டம் போட்ட தாளைத் திறந்து அனுப்பினாள். இந்த முறை ஒவ்வொரு வார்த்தைக்கும் படத்தையும் அனுப்பு, பார்க்காமல் எழுத மாட்டேன் என்று கேட்டு வாங்கினேன். சிவப்பில் நிற்கிற முள்ளை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன். பக்கத்தில் ஒரு பொம்மை அப்பா, மூக்கில் குழாயோடு. அப்பாவின் சிலிண்டர் காலி. உடனே மாற்று. அதை அடிக்கும்போது சாமி விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. நான் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

நான்கு மாதம் அந்த அம்மாவிடமிருந்து எந்தத் தகவலும் இல்லை. நானாகக் கூப்பிட நம்பர் வாங்கிக்கொள்ளவில்லை, வாங்கவும் தைரியம் இல்லை. மாசி மாதத்தில் ஒரு நாள் காலையில், வாசலில் கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்தபோது தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. குரலைக் கேட்டதுமே யார் என்று தெரிந்துவிட்டது.

நம் ஊரில் சாவுச் செய்தி சொல்கிறவர்கள் எப்படிச் சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். தவறிட்டாரு என்பார்கள். சாமிகிட்ட போய்ச் சேர்ந்துட்டாரு என்பார்கள். அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை.

“களம்பூர்லேர்ந்து பேசறங்க. அவரு செத்துட்டாருங்க. காத்தால அஞ்சு மணிக்கு.”

சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். அழுவதற்கு எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று வாயைப் பொத்திக்கொண்டேன். அந்தப் பக்கம் அழுகைச் சத்தமும் ஆட்கள் பேச்சுமாகக் கேட்டது. அந்த அம்மா மட்டும் அழாமல், அவசரமாக எதையோ ஒப்படைக்க வந்தவர் மாதிரிப் பேசினார்.

“சிலிண்டரு ஃபுல்லா இருந்திச்சிங்க. பச்சைல நின்னுகினு இருந்திச்சி முள்ளு. நான் ரெண்டு வாட்டி பாத்தேன். குமிழியும் வந்துகினேதான் இருந்திச்சி. அத உங்ககிட்ட சொல்லணும்னுதான் கூப்டேன்.”

நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் வைத்துவிட்டார்.

கட்டிலில் கணவரின் உடம்பு கிடக்கும்போது, சாமி படத்துக்குப் பின்னால் இருந்த அந்தத் தாளைத் தேடி எடுத்து, யாரோ ஒருத்தியான எனக்கு அதை மட்டும் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அந்த ஐப்பசி மதியம் நடந்திருக்காவிட்டால் அவர் இன்னும் ஒரு வருடம், இரண்டு வருடம் மகளின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு இருந்திருப்பாரோ என்ற கேள்விக்கு எந்த டாக்டராலும் எனக்குப் பதில் சொல்ல முடியாது. ஆனால் முள் எங்கே நின்றது என்று உள்ளபடி சொல்லிவிட வேண்டும், அதில் நல்லது கெட்டது பார்க்கக் கூடாது என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. அதைத் தெரிந்துகொள்ள அவர் கொடுத்தது என்ன என்பதும் எனக்குத் தெரியும்.

இன்றைக்கும் அந்த வேலையைச் செய்கிறேன். விளையாட்டில் யாராவது செத்தால் அது பொம்மை என்று தெரிந்துகொண்டு, ‘மறுபடியும் வா’ என்று எழுதுகிறேன். மருந்து, மின்சாரம், நெருப்பு என்று ஏதாவது வந்தால் படம் பார்க்காமல் ஒரு எழுத்து அடிப்பதில்லை. அந்தச் சென்னைப் பெண் தயங்கினால், ஏன் தயங்குகிறாள் என்று முதலில் கேட்கிறேன். ஆடி வெள்ளி வந்தால் அந்த அம்மா வீட்டுச் சர்க்கரை டப்பா ஞாபகம் வந்துவிடுகிறது.

எங்கள் வீட்டில் அரிசி தீர்ந்தால் இன்றைக்கும் நான் நிறைஞ்சிடுச்சு என்றுதான் சொல்கிறேன், என் முகத்தைப் பார்த்துக் கணவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். ஆனால் என் முகத்தைப் பார்க்க முடியாத எவருக்காகவோ ஒரு வார்த்தை எழுதும்போது, களம்பூரில் மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்த அந்த மனிதர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, காலின்னு சொல்லுமே என்கிறார், நான் அப்படியே எழுதுகிறேன்.